நேட்டால் போன பூட்டனைத் தேட: பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள்

1860 முதல் 1911 வரை, இன்றைய தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சை என்று தமிழ்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும், விசாகப்பட்டினம், கஞ்சம் போன்ற தெலுங்குப் பக்கத்திலிருந்தும் திரட்டப்பட்டவர்கள். ஊரிலேயே தங்கிவிட்ட இவர்களுடைய அண்ணன் தம்பிகளைப் பற்றி, நிலம் இல்லாதவர்களாக இருந்தால், ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காமல் போகலாம். கப்பலேறியவருக்கோ தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு, வேலை பார்த்த தோட்டம், செத்த நாள் வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அக்கறையினால் எழுதியதல்ல. ஒவ்வொரு ஆளையும் கொண்டுவர முதலாளி பணம் கட்டியிருந்தார். ஓடிப்போனால் பிடிக்க அடையாளம் வேண்டும், ஒப்பந்தம் முடியும் நாள் தெரிய வேண்டும், திரும்பும் கப்பலுக்கு யார் தகுதி என்று கணக்கு வேண்டும். தேடலில் இறங்குகிறவர் ஒவ்வொரு தாளைப் பார்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதை யார், எந்தத் தேவைக்காக எழுதினார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால், அந்தத் தாளில் எந்தத் தகவலை நம்பலாம், எதை நம்பக்கூடாது, அடுத்த தாள் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பது தானே விளங்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் கங்காணிகள் மூலம் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரியான பதிவு பெரும்பாலும் கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். அங்கே ஆட்களுக்குக் கணக்கு வைத்தவர் கங்காணி. அரசுக்குத் தலைக்கணக்கு போதுமாக இருந்தது.

முதலில் ஒரு சல்லடை

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் தமிழர் எல்லாருடைய முன்னோரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அல்ல. சொந்தச் செலவில் கப்பலேறிய வணிகர்கள், கணக்கர்கள், நகைத் தொழிலாளர்கள் உண்டு. இவர்களைப் 'பாசஞ்சர் இந்தியர்' என்பார்கள். மொரிசியஸ் வழியாக வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. காந்தியின் போராட்டத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடு மொரிசியஸில் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெற்றோரும் தொழில் செய்யப் போனவர்களே. இப்படிப்பட்டவர்களை ஒப்பந்தக் கப்பல் பட்டியலில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். இவர்களுக்கான இடம் 1897-க்குப் பிந்தைய குடியேற்றக் கட்டுப்பாட்டுத் துறைக் கோப்புகளும், 1907-இல் ஆசியர்கள் கைரேகை பதிய வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகான, ஜோகன்னஸ்பர்க்கை உள்ளடக்கிய டிரான்ஸ்வால் பகுதியின் பதிவுகளும்தான்.

குடும்பத்தில் "எங்க தாத்தா கூலியா வரல, கடை வைக்க வந்தாரு" என்று சொல்லப்பட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே நம்பிவிடவும் வேண்டாம். ஐந்து வருடம் கரும்பு வெட்டிவிட்டு ஆறாவது வருடம் காய்கறிக் கடை போட்டவரைப் பேரப்பிள்ளைகள் கடைக்காரராகவே நினைவில் வைத்திருப்பது சாதாரணம்.

காலனி எண்

ஒப்பந்தத்தில் நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். ஆண், பெண், கைக்குழந்தை என்ற வேறுபாடு இல்லை. இதுதான் காலனி எண். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலின் 342 பேரில் தொடங்கி, 1911 ஜூலையில் கடைசியாக வந்த 'உம்லாசி' கப்பல் வரை இந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. பிறகு அந்த ஆளைப் பற்றி அரசு எழுதிய எல்லாத் தாளிலும், இடமாற்றம், புகார், திருமணம், தண்டனை, மரணம் எதுவானாலும், பெயருக்குப் பக்கத்தில் இந்த எண் வரும். முனுசாமிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். குமாஸ்தாவுக்கும் வேறு வழியில்லை.

எண்ணை வைத்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 1860-இல் தொடங்கிய முதல் கட்டம் 1866-இல் நின்றுபோனது. அதில் வந்தவர்கள் சுமார் 6,400 பேர். 1874-இல்தான் மறுபடி கப்பல் ஓடியது. ஆகவே நான்கிலக்க எண்ணாகவும் ஆறாயிரத்துக்குக் கீழாகவும் இருந்தால் அவர் 1866-க்கு முன் வந்தவர். ஐந்திலக்கமானால் 1874-க்குப் பிந்தையவர். ஒரு லட்சத்தைத் தாண்டினால் 1900-க்குப் பிந்தைய பெருங்கூட்டத்தில் வந்தவர் என்று எடுத்துக்கொண்டு தேடலாம்.

எண் எங்கே கிடைக்கும்? டிரங்குப் பெட்டியில் பத்திரமாகச் சுருட்டி வைத்த ஒப்பந்த விடுதலைச் சீட்டு இருந்தால் வேலை பாதி முடிந்தது. அது இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். அப்போது கீழிருந்து மேலே ஏற வேண்டும்: உங்கள் பிறப்புச் சான்று, பெற்றோருடையது, தாத்தா பாட்டியுடையது. தென்னாப்பிரிக்க உள்துறையிடம் கேட்கும்போது கணினியில் அச்சிட்ட சுருக்கச் சான்றைக் கேட்காதீர்கள். மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை, அங்கே 'வால்ட் காப்பி' என்பதை, கேளுங்கள். பழைய கையெழுத்துப் பதிவில்தான் தகப்பனின் எண்ணும் தாயின் எண்ணும் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். சுருக்கச் சான்றைத் தயாரிக்கும்போது அது தேவையற்றதாகக் கருதப்பட்டு விடுபட்டுவிடும். நேட்டாலில் பிறந்த பிள்ளைக்குச் சொந்த எண் கிடையாது. 'இன்ன எண்ணின் மகன்' என்றே எழுதினார்கள். இங்கே ஒரு குழப்பம் வரும்: அது மகனுடைய எண் என்று எடுத்துக்கொண்டு தலைமுறையை ஒன்று குறைத்துவிடுவார்கள்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தை எட்டினால்தான் கப்பல் புறப்படலாம் என்ற விதி இருந்ததால் ஒவ்வொரு கப்பலிலும் கணிசமான பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தனி எண், தனி ஊர், தகப்பன் பெயர். தாத்தா வழியில் தடம் அறுந்துபோன பல குடும்பங்களுக்குப் பாட்டியின் எண் வழியாக ஊர் கிடைக்கும். ஆண்வழியை மட்டுமே வம்சம் என்று பார்க்கும் பழக்கத்தால் இந்தக் கதவைத் தட்டாமலே போகிறவர்கள்தான் மிகுதி.

குடும்பப் பெயர் என்னும் கண்ணி

ஒப்பந்தத்தில் வந்தவருக்குக் குடும்பப் பெயர் இல்லை. 'மாரிமுத்து, த/பெ முனியன்' என்று பட்டியலில் இருப்பார். அவர் மகன் பெருமாள் பள்ளியில் சேரும்போது 'பெருமாள் மாரிமுத்து' ஆவான். அவனுடைய மகன் கோபால் சில குடும்பங்களில் 'கோபால் பெருமாள்', சிலவற்றில் 'கோபால் மாரிமுத்து'. எந்தத் தலைமுறையில் பெயர் உறைந்தது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கே இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. ஆகவே இன்று 'மாரிமுத்து' என்று முடியும் குடும்பம் கப்பல் பட்டியலில் மாரிமுத்துவைத் தேடுவது சரியாகவும் இருக்கலாம். வந்தவர் அவருடைய மகனாக இருந்து, மாரிமுத்து என்பவர் ஊரைவிட்டு நகராத தகப்பனாகவும் இருக்கலாம். இரண்டு வழியிலும் தேட வேண்டும்: பெயர்ப் பத்தியில் ஒருமுறை, தகப்பன் பெயர்ப் பத்தியில் ஒருமுறை.

கோவெண்டர் (கவுண்டர்), மூட்லி (முதலி), பிள்ளை, நாயுடு, நாயக்கர், செட்டி, படையாச்சி, ரெட்டி என்று சாதிப் பட்டம் குடும்பப் பெயரானதும் உண்டு. ஆனால் இந்தப் பட்டத்தைக் கண்டு ஊரில் அதே சாதியில் சொந்தம் தேடுவது ஆபத்து. பட்டியலில் பட்டமே இல்லாமல் வந்து, பத்து இருபது ஆண்டு கழித்து நிலம் வாங்கிப் பட்டமும் சூட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய இடத்தின் ஏணியைவிட்டு இறங்கிக்கொள்ள கடல் கடந்தது ஒரு வாய்ப்பாக இருந்தது என்று எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

கப்பல் பட்டியலைப் படிப்பது

பட்டியல்களின் மூலம் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவற்றைத் தட்டச்சு செய்து உருவாக்கிய தரவுத்தளம் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்று குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அதன் வாரிசு. தரவுத்தளம் வழிகாட்டி மட்டுமே. கையெழுத்தை இரண்டாவது ஆள் படித்துத் தட்டச்சு செய்ததால் ஒரு பிழை அடுக்கு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. ஆளைப் பிடித்ததும் மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வரியில் இருப்பவை: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய வட்டம்), ஊர், உடலடையாளம், ஒதுக்கப்பட்ட முதலாளி, பின்னால் சேர்த்த குறிப்புகள். கப்பல் பெயரைக் குறிக்கும்போது பயண எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். உம்லாசி, உம்சிண்டோ, உம்வோட்டி, உம்ஃபுலி என்று ஒன்றுபோல் ஒலிக்கும் கப்பல்கள் பல. அதோடு ஒவ்வொன்றும் பலமுறை வந்துபோயிருக்கிறது. 'உம்லாசி' என்று மட்டும் குறித்து வைத்தால் எந்த ஆண்டு என்பதே தெரியாது.

வயதை நம்பாதீர்கள். 20, 25, 30 என்று முழு எண்களாகவே குவிந்திருக்கும். ஆளைப் பார்த்துப் போட்ட மதிப்பு அது. ஐந்து வருடம் முன்னும் பின்னும் இடம் விட வேண்டும். கைக்குழந்தைகளின் வயது மட்டும் ஓரளவு சரியாக இருக்கும்.

சாதிப் பத்தியில் தொடக்கக் காலத்துக் கப்பல்களில் 'மலபார்' என்று இருந்தால் கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது. அக்காலச் சென்னை அலுவலகங்களில் தமிழரைக் குறிக்க அந்தச் சொல்லையும், தெலுங்கரைக் குறிக்க 'ஜென்டூ' என்பதையும் பயன்படுத்தினார்கள். 'கிறிஸ்தவர்' என்று இருந்தால் அது நல்ல செய்தி. காரணம் பின்னால் வருகிறது. ஆள் சேர்ப்பவரும் குமாஸ்தாவும் சாதியைத் தங்கள் வசதிக்கு எழுதியதும் நடந்திருக்கிறது. உழைப்புக்கு ஏற்ற சாதி என்று முதலாளிகள் விரும்பியதைச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. சாதியை உறுதிப்படுத்தும் சான்றாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் வைத்து ஆளை ஒதுக்கக் கூடாது.

எழுத்து முறைதான் பெரிய தலைவலி. ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். உகரத்துக்கு இரட்டை 'ஓ' போட்டதால் வேலு 'வெல்லூ', குப்புசாமி 'கூப்பூசாமி', சுப்பிரமணி 'சூப்ரமனி' ஆகிவிடுவார்கள். கிருஷ்ணசாமி 'கிஸ்ட்னசாமி'. ரங்கசாமியில் முதல் எழுத்துக்கு அடுத்து 'யு' வந்து 'ருங்கசாமி'. எல்லம்மா 'யெல்லம்மா'. ஏழுமலையில் வரும் ழகரம் 'ல' ஆகவோ 'ய' ஆகவோ மாறியிருக்கும். சகரத்தை ஒரு குமாஸ்தா 'எஸ்' என்றும் இன்னொருவர் 'சிஎச்' என்றும் எழுதுவார். மாரி என்பது பார்வைக்கு மேரியாகத் தெரியும். ஆகவே முழுப்பெயரைத் தட்டித் தேடாமல், முதலில் பெயரைத் தமிழில் சரியாக எழுதிக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டு மெய்யெழுத்துகளின் வரிசையை மட்டும் பிடித்து, நடுவில் எதுவும் வரலாம் என்ற குறியோடு தேடுங்கள். குப்புசாமிக்குக் 'க-ப-ச-ம' போதும். தமிழ் தெரியாத நான்காம் தலைமுறை ஆராய்ச்சியாளரைவிட இதில் உங்களுக்கு இருக்கும் வசதி பெரிது.

இனி, ஆள் என்று தோன்றும் வரியில் நின்றுவிடாமல் அதற்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து எண்களைப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்தும் ஒரே வட்டத்திலிருந்தும் கிளம்பியவர்கள் பட்டியலில் அடுத்தடுத்து வருவது வழக்கம். கணவன், மனைவி, பிள்ளைகள் தொடர் எண்களாக இருப்பார்கள். ஒரு வரியில் ஊர்ப்பெயர் புரியாமல் கிறுக்கியிருந்தால், மூன்று வரிக்குக் கீழே அதே ஊரைத் தெளிவாக எழுதியிருக்கலாம். கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவுக்குத் தனியாக வந்த ஆணும் பெண்ணும் புறப்படுவதற்கு முன் தம்பதியாகப் பதிவான சம்பவங்களும் உண்டு. அடுத்தடுத்த எண், ஆனால் வெவ்வேறு ஜில்லா என்றால் அதை ஒரு சாத்தியமாக மனத்தில் வையுங்கள்.

உடலடையாளம் அற்பமாகத் தோன்றும். 'இடது முழங்காலில் தழும்பு', 'வலது கன்னத்தில் மச்சம்' என்று ஒரே ஒரு சொற்றொடர். ஆனால் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயருடைய இருவரைப் பிரிக்க வேண்டி வரும்போது, பிந்தைய போலீஸ் அல்லது சிறைக் குறிப்பில் அதே தழும்பு வந்தால் வழக்கு முடிந்தது. மொரிசியஸில் 1860-களிலேயே கூலிகளைப் புகைப்படம் எடுக்கத் தொடங்கினார்கள். நேட்டால் பட்டியலில் அடையாளத்துக்கு இந்தத் தழும்புகள்தான்.

இறங்கிய பிறகு

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருடம் 14. சாப்பாட்டுப் படி தனி. பெண்களுக்கு இதில் பாதி. இந்தக் கணக்கு உங்களுக்கு எதற்கு? புகார்க் கோப்பில் 'சம்பளம் 12 ஷில்லிங்' என்று இருந்தால் அது மூன்றாம் வருடம். வந்த ஆண்டை அதிலிருந்து பின்னோக்கி எண்ணிவிடலாம்.

1872-இல் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 'ரெட் ரைடிங் ஹுட்' கப்பலில் சென்னை திரும்பிய முதல் கூட்டத்தினர் சொன்ன புகார்களே அதற்குக் காரணம். அதன் பிறகு 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்ற பதவி வந்தது. பாதுகாத்தாரா என்பது வேறு கதை. எழுதி வைத்தார் என்பது நமக்கு லாபம். அந்த அலுவலகத்தின் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் 'ஐ.ஐ.' என்ற தொகுப்பில் இருக்கின்றன. ஓடிப்போனது, முதலாளி அடித்தது, படி குறைத்தது, மனைவியை வேறு தோட்டத்துக்கு அனுப்பியது, ஊரில் அம்மா செத்ததால் விடுப்பு கேட்டது எல்லாம் அங்கே வரும். 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி பல் உடைபட்டு இரத்தத்தோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்ததும், அவரை வேறு முதலாளிக்கு மாற்றியதும் எல்லாருக்கும் தெரிந்த சம்பவம். அப்படியொரு மாற்றம் இந்த அலுவலகத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தன் வாயால் சொன்னது, மொழிபெயர்ப்பாளர் கை பட்டிருந்தாலும், பதிவாகியிருக்கும் இடம் இத்தகைய வாக்குமூலங்கள்தான்.

தேட வேண்டியது தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் கணினி அட்டவணை, என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். (NAAIRS). இதில் ஆவணத்தின் படம் இருக்காது. கோப்பின் தலைப்பும் முகவரியும்தான். ஒரு பதிவு இப்படி வரும்: டிப்போ, அதாவது காப்பகக் கிளை, 'என்.ஏ.பி.' (NAB) என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூலம் 'ஐ.ஐ.', வகை 'லீர்', இது ஆஃப்ரிகான்ஸில் கோப்பு என்று பொருள், ஆள் பெயர் என்று மயங்க வேண்டாம், பிறகு தொகுதி எண், கோப்பு எண், விவரம், ஆண்டு. நகல் கேட்கும்போது டிப்போ, மூலம், தொகுதி, கோப்பு எண் நான்கையும் எழுதாவிட்டால் பதில் வராது. விவரப் பகுதியில் கூலியின் எண்ணையும் சேர்த்திருப்பதால், பெயரைத் தட்டாமல் வெறும் எண்ணைத் தட்டித் தேடுங்கள். எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது. பிறகு தோட்டத்தின் பெயராலும் முதலாளியின் பெயராலும் ஒருமுறை தேடுங்கள். உங்கள் ஆளின் பெயர் இல்லாத கோப்பிலும் அவர் சாட்சியாக இருக்கக்கூடும்.

1895-ஆம் ஆண்டின் 17-ஆவது சட்டம் இன்னொரு தாள்மலையை உண்டாக்கியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும், இரண்டும் மாட்டேன் என்றால் வருடம் 3 பவுன் வரி கட்ட வேண்டும். மாதம் 14 ஷில்லிங் வாங்கியவருக்கு அது நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். 1903-இல் இந்த வரியைப் பதினாறு வயதுப் பையன்களுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்களுக்கும் நீட்டினார்கள். இந்தியத் தொழிலாளர்களின் 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-இல்தான் ஒழிந்தது. உங்கள் ஆள் இந்தக் காலத்தவரானால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஒப்பந்தம் போட்டிருப்பதைக் கண்டு வியக்காதீர்கள். முதலாளி மேல் இருந்த பிரியத்தால் போட்டதல்ல.

திருமணத்தில் ஒரு சிக்கல். சடங்கு முறையில் செய்த திருமணம் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாகாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது இல்லை. 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு இந்தச் சிக்கலை நாட்டுக்கே பொதுவாக்கியது. 1914 சட்டம் பழைய திருமணங்களைப் பதிய வழி செய்தது. ஆகவே திருமணப் பதிவு 1915 என்று இருக்க, மூத்த பிள்ளை 1896-இல் பிறந்திருந்தால் அது பிழையும் அல்ல, இரண்டாம் கல்யாணமும் அல்ல. பதிவுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தாயின் பெயரில் பதிவாகியிருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மரணத்துக்கு வந்தால், சொத்து வைத்துவிட்டுப் போனவர்களுக்கு இறந்தவர் சொத்தை மேற்பார்த்த அதிகாரியான உச்ச நீதிமன்ற மாஸ்டரின் சொத்துக் கோப்பு, 'எம்.எஸ்.சி.இ.' தொகுப்பு, இருக்கும். அதில் ஒரு மரண அறிவிப்புப் படிவம்: பெற்றோர் பெயர், பிறந்த இடம், வயது, மனைவி, பிள்ளைகள் அத்தனை பேர். பிள்ளைகளின் பட்டியலை நம்பலாம். பங்கு பிரிக்க வேண்டியிருந்ததால் யாரும் விடுபட மாட்டார்கள். பெற்றோர் பெயரையும் பிறந்த ஊரையும் எச்சரிக்கையாகப் பாருங்கள். தகவல் சொன்னவர் நேட்டாலில் பிறந்த மகன், தன் பாட்டனைப் பார்த்ததே இல்லை. பிறந்த இடம் 'மெட்ராஸ்' என்று இருந்தால் அது மாகாணம், அல்லது கப்பலேறிய துறைமுகம். அதை வைத்துச் சென்னை நகரத்தில் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

பட்டியலின் குறிப்புப் பத்தியில் திரும்பிய கப்பலின் பெயர் இருந்தால் அவர் ஊர் வந்துவிட்டார். தொடக்கச் சட்டப்படி பத்து வருடம் இருந்தால்தான் இலவசப் பயணம். திரும்பியவர்களில் மீண்டும் போனவர்களும் உண்டு, புது எண்ணோடு. ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பது போலத் தெரிந்தால் இதையும் சோதியுங்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது

சென்னை மாகாணத்தில் 'தாணா' பத்தியில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் தாலுகா. ஜில்லாவையும் தாலுகாவையும் இன்றைய வரைபடத்தில் தேடினால் தவறான இடத்துக்குப் போவீர்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது வட ஆர்க்காட்டின் வடபகுதி அதோடு போயிற்று. அதுவரை வட ஆர்க்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். திருத்தணியை எடுத்துக்கொள்ளுங்கள்: கப்பல் காலத்தில் வட ஆர்க்காடு, 1911 முதல் சித்தூர், 1960-இல் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு, இன்று திருவள்ளூர் மாவட்டம். ஓசூர் கப்பல் காலத்தில் சேலம். 1965-இல் தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லா, பிறகு வட ஆர்க்காடு, இன்று தனி மாவட்டம். அதோடு சிவகங்கைப் பக்கம் இன்னொரு திருப்பத்தூரும் உண்டு. பட்டியலில் 'சேலம், திருப்பத்தூர்' என்று இருந்தால் 1911-க்கு முந்தைய எல்லையோடு அது சரியாகப் பொருந்துகிறது. குமாஸ்தா குழம்பிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

தாலுகா உறுதியானதும் அதற்குள் இருக்கும் ஊர்களின் பழைய அச்சுப் பட்டியலையும், ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் சர்வே துறை வெளியிட்ட பழைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். வாண்டிவாஷ் வந்தவாசி, சிங்கிள்புட் செங்கல்பட்டு, கான்ஜீவரம் காஞ்சிபுரம், பெர்னம்பட் பேரணாம்பட்டு என்று பெரிய ஊர்கள் எளிது. புதூர், நல்லூர், பாளையம் என்று முடியும் சிற்றூர்கள்தான் ஆளைக் கொல்லும். ஒரே வட்டத்தில் மூன்று நான்கு கிடைக்கும். வருவாய்க் கிராமத்தின் பட்டியலில் இல்லாவிட்டால் அது அதன் குக்கிராமமாக இருக்கலாம். சேரிகளும் காலனிகளும் அச்சுப் பட்டியலில் தாய்க் கிராமத்தின் பெயருக்குள் மறைந்துவிடும்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதுதான் பலருடைய முதல் யோசனை. அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், குடிபெயர்வு ஆண்டறிக்கைகள் அங்கே உண்டு. எந்த ஆண்டு எந்த ஜில்லாவிலிருந்து எத்தனை பேர், அந்த ஆண்டு மழை பெய்ததா, 1876-78 தாது வருஷப் பஞ்சம் அந்தத் தாலுகாவை எப்படி அடித்தது என்பதற்கு அது நல்ல இடம். உங்கள் பூட்டன் பெயரைத் தேடுவதற்கு அல்ல. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' என்ற சென்னைத் தொகுதியைப் பார்க்கச் சொல்வார்கள். அது திருச்சபைப் பதிவு, முக்கியமாக ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் சம்பந்தப்பட்டது. ஆர்க்காட்டு விவசாயக் கூலிக்கு அதில் இடமில்லை.

கிராமத்து வருவாய்க் கணக்கில் பெயர் வர வேண்டுமானால் பட்டா இருந்திருக்க வேண்டும். குடியானவர் அரசுக்கு நேராக வரி கட்டிய ரயத்துவாரி ஊரானால் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பெயரைப் பார்க்கலாம். ஆரணி ஜாகீர், காளஹஸ்தி, புங்கனூர் போன்ற ஜமீன் ஊரானால் குடிகளின் கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது. அரசுப் பதிவு பெரும்பாலும் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் தொடங்கும். நேட்டாலிலிருந்து பணத்தோடு திரும்பியவர் நிலம் வாங்கியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் கிடைக்க வாய்ப்புண்டு. கணினிக்கு முந்தைய காலத்துக்கு வில்லங்கம் பார்க்க சர்வே எண்ணும் உத்தேச ஆண்டும் கையில் வேண்டும். பெயரை மட்டும் சொல்லி மனு போட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

கிறிஸ்தவர் என்று பட்டியலில் இருந்தால் நல்ல செய்தி என்று சொன்னதன் காரணம் இங்கே. ஞானஸ்நானப் பதிவேடு பட்டாவையோ சாதியையோ பார்க்காது. பெற்றோர் பெயர், ஊர், ஞானத்தாய் தந்தை பெயர் வரை எழுதும். இரு கரையிலும் அது உண்டு. டர்பனில் தமிழ் கற்றுக்கொண்டு இந்தியக் கத்தோலிக்கரிடையே உழைத்த பாதிரியார் சபோன், 1883-இல் ஆங்கிலிக்கன் மிஷனைத் தொடங்கிய டாக்டர் பூத், 1903-இல் தெலுங்கு பாப்டிஸ்டுகளுக்காக வந்த ஜான் ரங்கையா ஆகியோரின் சபைகளில் தொடங்கி, இந்தப் பக்கத்துப் பங்குக் கோயில் பதிவேடு வரை ஒரு பாலம் போடலாம்.

இந்துக் குடும்பங்களுக்கு அத்தகைய பதிவேடு இல்லை, குலதெய்வம் இருக்கிறது. நேட்டாலில் நான்கு தலைமுறை கடந்தும் குலதெய்வத்தின் பெயரை மறக்காத வீடுகள் உண்டு. மாரியம்மன் என்றால் பயனில்லை, எல்லா ஊரிலும் இருக்கிறாள். திரௌபதி அம்மன், தீமிதி என்றால் செஞ்சியைச் சுற்றிய ஆர்க்காட்டுப் பகுதியை நோக்கி ஒரு சாய்வு கிடைக்கும், அவ்வளவே. ஊர்ப்பெயரோடு சேர்ந்த ஐயனார், முனீஸ்வரன், அல்லது ஒரு வீட்டாருக்கு மட்டுமே உரிய அம்மன் பெயர் கிடைத்தால்தான் அது சான்றாகும்.

ஊருக்குப் போகும்போது கப்பல் பட்டியலின் வரியைத் தமிழில் பெயர்த்து எழுதி எடுத்துச் செல்லுங்கள். சாதியையும் பணத்தையும் முதல் பேச்சில் எடுக்காதீர்கள். 'வெளிநாட்டுச் சொந்தம்' என்றதும் நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற பயம் இயல்பு; சிலருக்கு எதிர்மாறாக, எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் ஆசையும் வரும். ஆகவே பட்டியலில் உள்ள தகப்பன் பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிடக் கூடாது. "இந்தத் தெருவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்க யாராவது உண்டா? அவங்க அப்பா பேரு என்னன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர்களாகச் சொல்லும் தகப்பன் பெயர், தாலுகா, குலதெய்வம் மூன்றும் உங்கள் தாளோடு ஒத்துப்போனால் பங்காளி என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு ஒத்துப்போனால் பென்சிலில் எழுதுங்கள். பெயர் மட்டும் ஒத்துப்போனால் காபி குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பி, அடுத்த புதூரைப் பாருங்கள்.